என் மனைவி எழுதாத கதை

நான் எழுதி அச்சில் வந்த கதை ஒன்றே ஒன்றுதான். அதில் என் பெயர் இல்லை, என் மனைவியின் பெயர் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் இது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. வாரப் பத்திரிகைகளில் கதை எழுதிக் குவித்த பெண்மணிகளில் பாதிப் பேர் காலையில் முகச்சவரம் செய்துகொண்டு ஆபீஸுக்குப் போனவர்கள். மனைவியின் பெயரில் எழுதினால் ஆசிரியர் குழு மரியாதையாகப் பதில் போடும், கதை திரும்பி வந்தால் அவமானம் நம்முடையது இல்லை. இப்படிச் சில சௌகரியங்கள் இருந்தன.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. அரசு ஊழியன் எதையாவது அச்சில் கொண்டுவர வேண்டுமென்றால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று எங்கள் சூப்பரின்டெண்ட் வாரம் ஒருமுறை சொல்வார். எங்கள் செக்‌ஷனில் ஒருவர் தன் தெருச் சாக்கடையைப் பற்றிப் பத்திரிகைக்கு நான்கு வரிக் கடிதம் எழுதினார். சாக்கடை அப்படியே இருந்தது. அவருக்கு மெமோ வந்தது. அதற்குப் பிறகு அவர் கையெழுத்துப் போடும்போதுகூட இரண்டு முறை யோசித்தார். ஆகவே மனைவியின் பெயரைப் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. வீட்டில் இருக்கும் குடையை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி எடுத்துக்கொண்டு போனேன்.

கதை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மதுரை மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன அச்சகம் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, கட்சி நோட்டீஸ் எல்லாம் அடிப்பார்கள். முதலாளிக்குச் சித்திரக்கதை என்றால் உயிர். சொந்தமாக மாதம் ஒரு காமிக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். அதன் நாயகன் பறப்பான், ஒற்றைக் கையால் லாரியைத் தூக்குவான். வெளிநாட்டு வீரர்கள் மாதிரி முதுகில் ஒரு போர்வை பறக்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. படம் வரைந்தவர் பறக்கும் போர்வையைப் பார்த்ததில்லை. அவர் வரைந்தது தோளில் போட்ட துண்டு மாதிரி வந்தது. அட்டைக்குக் கைவசம் இருந்த இரண்டாவது மை ஊதா. அதனால் அவன் ஊதாத் துண்டுக்காரன் ஆனான். முதலாளி அவனுக்கு வைத்த கம்பீரமான பெயர் ஒன்று உண்டு, அதை யாரும் சொன்னதில்லை. பெட்டிக்கடையில் போய் "ஊதாத்துண்டு வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

வீரன் என்றால் பலவீனமும் வேண்டுமே. தண்ணீர் பட்டால் இவன் சக்தி போய்விடும். மதுரையில் இது பெரிய பலவீனமாக யாருக்கும் தெரியவில்லை. வில்லன்கள் அவனை வைகை ஆற்றில் தள்ளிவிட்டால் அவன் மணலைத் தட்டிவிட்டு எழுந்து வருவான்.

இப்படி நான்கு வருடம் ஓடியது. பிறகு படம் வரைந்தவர் சிவகாசிக்குக் காலண்டர் சாமி வரையப் போய்விட்டார். முதலாளி வேறு ஆளை வைத்து வரைந்து பார்த்தார். அந்த ஊதாத் துண்டுக்காரன் டிக்கெட் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறை இல்லை என்று சொல்லும் கண்டக்டர் மாதிரி இருந்தான். முதலாளி இரண்டு மாதம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் மாதம் என்னைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கும் அவருக்கும் ஒரு உறவும் கிடையாது. ஆனாலும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

"மாப்ள, படமே வேணாம். கதையா எழுதிருவோம். ஆளுக்கு ஒரு கதை. ஒம்பது பேரு, ஒம்பது கதை, ஒரே புத்தகம். எல்லாத்துலயும் நம்மாளுதான்."

"படம் இல்லாம எவன்ணே வாங்குவான்?"

"துண்டு ஊதாக் கலருன்னு எழுதிட்டாப் போதும், படிக்கிறவன் மனசுல ஊதா தெரிஞ்சிரும். நமக்கு மை மிச்சம்."

சரி என்றேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேரைப் பிடித்தார். எல்லாரும் எதிர்த்த டீக்கடைக்கு வருகிறவர்கள்தான். ஒரு தமிழ் வாத்தியார், ஒரு தபால் இலாகா ஆள், ஒரு சின்னக் கோயில் பட்டர், ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட், இப்படி. சன்மானம் ஆளுக்கு ஐந்து பிரதி.

அந்தத் தொகுப்பை இப்போது எடுத்துப் படித்தாலும் எனக்கு ஒன்று புரிகிறது. படம் இருந்தவரைக்கும் ஊதாத் துண்டுக்காரன் ஒரே ஆளாக இருந்தான். படத்தை எடுத்ததும் அவனவன் தன்னையே எழுதிவிட்டான். தமிழ் வாத்தியாரின் வீரன் லாரியைத் தூக்குவதற்கு முன்னால் நாலு பக்கம் செந்தமிழில் பேசினான், லாரிக்கு அடியில் கிடந்தவன் அதுவரை காத்திருந்தான். பட்டரின் வீரன் கோபுரத்துக்கு மேலே பறக்க மாட்டேன் என்று பிரதட்சிணமாகச் சுற்றிக்கொண்டு போனதில் திருடன் தப்பிவிட்டான். தபால்காரரின் வீரன் முகவரி சரியாக இல்லாததால் திரும்பி வந்தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டின் வீரன் தீயிலிருந்து ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிட்டு, "எல்லாருக்கும் என்னைப் போல ஒருவன் வரமாட்டான்" என்று குடும்பத் தலைவரிடம் கவலையோடு சொன்னான்.

நான் மட்டும் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். என்னைப் பற்றி எழுதவில்லை. என் மனைவி சொன்னதை எழுதினேன்.

அவள் கணக்கு டீச்சர். முதல் ஆறு வருடம் அவளுக்கு நிரந்தர வேலை கிடையாது. யாராவது பிரசவ விடுப்பில் போனால் அந்த இடத்தில் போய் நிற்பாள், அவர் குழந்தையோடு திரும்பி வந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவாள். மதுரையில் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சருக்கு எத்தனை மாதம் என்பது எங்கள் வீட்டில் தெரியும். நல்ல செய்தி கேட்டு எங்களைப் போல உண்மையாகச் சந்தோஷப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். கடைசியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் காலியிடம் வந்து சேர்ந்தாள். இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். அது ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம். ஒன்றே முக்கால் வருடம் முடிந்திருந்தது. மே மாதம் உத்தரவு வர வேண்டும். எங்கள் வில்லாபுரம் வீட்டில் எதைப் பற்றிப் பேசினாலும், "அது மே மாசத்துக்கு அப்புறம் பாத்துக்கிரலாம்" என்றுதான் முடியும்.

தினமும் சாயங்காலம் வந்ததும் அரிசி களைந்துகொண்டே பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வாள். அங்கே தலைமையாசிரியையை எல்லாரும் மதர் என்பார்கள். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஒரு அடி ஸ்கேல். ரிப்பன் எத்தனை விரல் அகலம் என்று அளந்து பார்ப்பார். ஒன்பதரை மணிக்கு மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிற பிள்ளைகள் முதல் பீரியட் முடியும்வரை வெளியே வெயிலில் நிற்க வேண்டும். பரவையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் வாரத்தில் நான்கு நாள் அப்படி நிற்பாள். பஸ் அவள் சொல்கிறபடி வருவதில்லை. ஒருநாள் அந்தப் பெண் கேட்டைப் பிடித்தபடியே மயங்கிச் சரிந்துவிட்டாள். என் மனைவி வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். அதைச் சொன்ன அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

என் கதையில் ஒரு கொடிய தலைமையாசிரியர். பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்துகிறார். ஒரு பெண் மயங்கி விழுகிறாள். ஊதாத் துண்டுக்காரன் வானத்திலிருந்து இறங்கி, கேட்டைக் கீலோடு பிடுங்கி, சுருட்டி, தலைமையாசிரியரின் மேஜைமேல் வைக்கிறான். அந்தத் தலைமையாசிரியருக்குச் சாவிக்கொத்து உண்டு, ஸ்கேல் உண்டு, ரிப்பன் அளக்கும் வழக்கமும் உண்டு. யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஒரு பெரிய மீசை வைத்தேன். அது போதும் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

புத்தகம் மாசி மாதம் வந்தது. ஐந்து பிரதியையும் மஞ்சள் பையில் போட்டு, மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் பொருளடக்கத்தில் தன் பெயரைப் பார்த்தாள். பிறகு கதையை நின்றுகொண்டே படித்தாள். கணக்கு நோட்டுத் திருத்துகிற வேகத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள்.

"ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு..."

"இது எங்க ஸ்கூலு. இது எங்க மதரு."

"மதருக்கு மீசை இல்லையே" என்றேன்.

அவள் பூவை வாங்கிச் சாமி படத்துக்கு வைத்துவிட்டாள். தலையில் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது. ஒரு எழுத்தாளனின் முதல் கதைக்குக் கிடைக்க வேண்டிய வரவேற்பு இது இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் தையல் வகுப்பில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் துணிக்கு அடியிலிருந்து புத்தகம் பிடிபட்டது. மதரிடம் ஒரு கொள்கை உண்டு. பறிமுதல் செய்த எதையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்துவிட்டுத்தான் தண்டனை சொல்வார். படிக்காமல் தண்டிப்பது அநியாயம் என்பார். ஒன்பது கதைகளையும் படித்திருக்கிறார். தமிழ் வாத்தியார் கதையைக்கூட. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கணவரை அழைத்துக்கொண்டு வரும்படி சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் தப்புச் செய்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்பது அந்தப் பள்ளி வழக்கம். டீச்சர் தப்புச் செய்தால் கணவர்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் பல யோசனைகள் சொன்னேன். இதே பெயரில் ஆனையூரில் இன்னொரு எழுத்தாளர் இருக்கிறார் என்று சொல்லலாம் என்றேன். முதலாளி தப்பாக அச்சடித்துவிட்டார் என்று சொல்லலாம் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஞாயிறு மத்தியானம் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"உண்மையச் சொல்லிருங்க. நான் எழுதலைன்னு நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. எனக்கு இந்த வேலை வேணும்."

"சொல்லிர்றேன்" என்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை யாரும் நம்ப வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கதையை எழுதியது நான்தான், என் மனைவிக்கு இதில் சம்பந்தம் இல்லை, மன்னிக்க வேண்டும். சின்ன வாக்கியம்தான். ஆனால் பஸ் தெற்குவாசல் தாண்டும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. மதர் கடிதம் எழுதுகிறவர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மாநகராட்சிக்கு, பஸ் நிற்காவிட்டால் போக்குவரத்துக் கழகத்துக்கு, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து எழுதுவார். என் ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுத அவருக்குக் கால் மணி நேரம் ஆகாது. சாக்கடைக்கே மெமோ என்றால் ஊதாத் துண்டுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். எனக்குக் கணக்கு வராது. அதனால் தொகை பெரிதாகிக்கொண்டே போனது.

மதரின் அறையில் புத்தகம் மேஜைமேல் இருந்தது. அதன்மேல் ஸ்கேல் இருந்தது. எங்களை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். என் மனைவி உட்காரவில்லை.

"ரெண்டு பேருக்கும் வணக்கம்" என்றார் மதர். "எனக்கு முதல்ல ஒண்ணு தெரியணும். எனக்கு எதுக்கு மீசை?"

நான் ஸ்கேலைப் பார்த்தேன்.

"சரி. இந்தக் கதைய யாரு எழுதினது?"

அவர் கேட்டது அவளைப் பார்த்து. ஆனால் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது அடித்து ஐந்து நிமிடம். நான் வாயைத் திறந்தேன். "அது வந்து மதர்..." என்றேன். பிறகு இருமல் வந்தது. இருமல் தானாகத்தான் வந்தது. ஆனால் நின்ற பிறகும் இரண்டு தடவை நானாக இருமினேன்.

அவள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு மதர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் மதர் எழுதுனேன்."

மதர் புத்தகத்தைத் திறந்து, பென்சிலால் கோடு போட்டிருந்த இடத்துக்கு வந்தார். "ரெண்டு மணி நேரம் வெயில்ல நிறுத்துனதா எழுதியிருக்கீங்க. இது பொய். முதல் பீரியட் நாப்பது நிமிஷம்தான்."

"நாப்பது நிமிஷம்தான் மதர். அதைத் திருத்திக்கிறேன். மத்ததெல்லாம் நடந்ததுதான்."

அந்தக் கதையில் பறப்பதைத் தவிர நானாகக் கற்பனை செய்தது அந்த இரண்டு மணி நேரம் ஒன்றைத்தான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டாள். அந்த நிலைமையிலும் எனக்குள் இருந்த எழுத்தாளனுக்குச் சுருக்கென்றது. மனுஷ ஜென்மம் அவ்வளவுதான்.

"அந்தப் பிள்ளை காலையில சாப்பிடாம வந்தது. அதான் மயக்கம்" என்றார் மதர்.

"அஞ்சரை மணிக்கு வீட்டுலருந்து நடக்க ஆரம்பிச்சாத்தான் மதர் பரவை ஸ்டாப்புல அதுக்கு மொத பஸ் கிடைக்கும். அம்புட்டு நேரத்துல எந்த வீட்டுல அடுப்பு எரியும்? நான் அந்தப் பிள்ளைகிட்டக் கேட்டேன். அந்த பஸ்ஸு பாதி நாள் நிக்காமப் போயிருது, அதை விட்டா அடுத்தது ஒம்பதே முக்காலுக்குத்தான் இங்க வந்து நிக்கும்."

இது என் கதையில் கிடையாது. எனக்கே தெரியாது. அவள் என்னிடம் சொல்லியிருப்பாள், நான் கேட்டிருக்க மாட்டேன்.

மதர் ஸ்கேலை எடுத்து மேஜை விளிம்போடு ஒட்டி நேராக வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "சார், நீங்க இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் மதர்."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எனக்கு நல்லா இல்ல. கேட்டைத் திறக்க இவ்வளவு பெரிய ஆள் எதுக்கு? வானத்துலருந்து வரணுமா? வாட்ச்மேன் போதாதா?"

"வாட்ச்மேன் திறக்க மாட்டாரு மதர்" என்றாள் என் மனைவி. "நீங்க சொல்லணும்."

நான் பதினைந்து வருடம் ஆபீஸில் குப்பை கொட்டியவன். மேலதிகாரியிடம் ஒருவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை, பயத்தோடுதான் பேசினாள்.

"இதை எங்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாம்" என்றார் மதர்.

"தகுதிகாண் பருவத்துல இருக்கவ என்ன மதர் வந்து சொல்றது?"

மதர் புத்தகத்தை மூடினார். "வகுப்புக்குப் போங்க டீச்சர்" என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இல்லை, அதுதான் ஆச்சரியம்.

"நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன். நீங்க சொல்லல. ரெண்டு பேரும் சும்மா நின்னா அசிங்கமா இருக்கும்ல" என்றாள். "எனக்கு வகுப்பு இருக்கு. நீங்க ஆபீஸுக்குப் போங்க, லேட்டாகுது."

நான் ஆபீஸுக்குப் போனேன். பத்து நிமிடம் லேட். எங்கள் ஆபீஸில் கேட் பூட்டுகிற வழக்கம் இல்லை.

அந்த வாரம் புதன்கிழமையிலிருந்து பள்ளிக்கூடத்தின் பக்கவாட்டுச் சின்னக் கேட் மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் திறந்திருந்தது. பத்து நிமிடம் பரவை பஸ்ஸுக்குப் போதாது. அடுத்த வாரம் இருபது நிமிடமாக்கினார்கள். சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளுக்கு விடுதிச் சமையலறையில் ஒரு டம்ளர் கஞ்சி கொடுக்கவும் மதர் சொல்லிவிட்டார். யாரும் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. என் மனைவி இதை வந்து சொன்னபோது அவள் முகத்தில் இருந்ததை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கதையால்தான் கேட் திறந்தது என்று தோன்றியது. டீக்கடையில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். பட்டர் மட்டும், "ஓய், கதை எழுதினது நீர். வாயைத் திறந்தது யாரு?" என்று கேட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. ஒருவேளை என் முகத்திலேயே இருந்திருக்கும்.

இதற்கிடையில் அச்சக முகவரிக்கு வாசகர் கார்டுகள் வந்தன. முதலாளி கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் அன்புள்ள சகோதரி, மதிப்பிற்குரிய அக்கா என்று அவளுக்கு எழுதியவை. தங்கள் பள்ளியின் கேட்டையும் ஊதாத் துண்டுக்காரர் வந்து பிடுங்க வேண்டும் என்று ஒரு பெண் முகவரியோடு எழுதியிருந்தாள். பதில் நான் எழுதுகிறேன் என்றேன். அவள் கார்டுகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அவளே பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை.

மே மாதம் வந்தது. மே மாதத்துக்கு அப்புறம் என்று நாங்கள் தள்ளிவைத்த காரியங்கள் எல்லாம் வரிசையில் நின்றன. கடைசி வாரத்தில் மதர் அவளைக் கூப்பிட்டு உத்தரவைத் தன் கையாலேயே கொடுத்தார். தகுதிகாண் பருவம் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. காரணம் எதுவும் எழுதவில்லை. வாயால் சொல்லியிருக்கிறார்: "டீச்சர், நீங்க சொன்னது சரி. சொன்ன இடம் சரியில்ல." மதர் அநியாயக்காரர் இல்லை. அவர் கணக்கில் கேட் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம். இரண்டுக்கும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வருடம் போய் அவள் நிரந்தரமும் ஆனாள். ஆனால் போன வருடம் போனதுதான். அவளுக்கு ஆறு மாதம் பிந்திச் சேர்ந்த டீச்சர் சீனியாரிட்டியில் அவளுக்கு முன்னால் போனார். பல வருடம் கழித்து அவர்தான் உதவித் தலைமையாசிரியை ஆனார். என் மனைவி கடைசிவரை அவரிடம் கையெழுத்து வாங்கித்தான் விடுப்பு எடுத்தாள். இதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. நான்தான் ஒவ்வொரு ஜூன் மாதமும் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் உத்தரவு வந்த அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. அவள் வந்து கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் படித்தேன். ஆபீஸில் ஆயிரம் உத்தரவு படித்தவன், இந்த நான்கு வரியை முடிக்க முடியவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் முகம் கழுவிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான் சட்டையை மாட்டினேன். செருப்பைப் போட்டேன். "இப்பவே வாரேன்" என்றேன். "நேரா மதர்கிட்டப் போறேன். எழுதுனது நான்தான்னு சொல்லிட்டு வந்துர்றேன். எனக்கு மெமோ வந்தா வரட்டும், வேலை போனாலும் போகட்டும்."

அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கோபமாக இல்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் எங்கே தப்பு என்று காட்டுகிற குரலில்தான் பேசினாள்.

"வேணாம். கதை உங்களுது, அதுல எம்பேரைப் போட்டீக. மதர்கிட்டப் பேசுனது நான். அதுக்கு வந்ததுதான் இந்தத் தாளு. இதுலயும் போய் உங்க பேரை எழுதிட்டு வந்துராதீக."

நான் வாசற்படியில் நின்றேன். பிறகு செருப்பைக் கழற்றினேன். போக வேண்டாம் என்று அவள் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் மறைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.